பாட்டில் மூன்று, மருந்து ஒன்று

கேள்வி: முட்டைக்கோஸில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்குக் குளோரன்ட்ரானிலிப்ரோல் அடித்தேன். முதல் பயிரில் நன்றாகக் கேட்டது, அடுத்த பயிரில் கேட்கவில்லை. ஃப்ளூபென்டியமைடு, பிறகு சயன்ட்ரானிலிப்ரோல் என்று மாற்றி மாற்றி அடித்தும் புழு சாகவில்லை. சுழற்சி முறையைத்தானே கடைப்பிடித்தேன்? மருந்து போலியா?

பதில்: போலியாகவும் இருக்கலாம். ஆனால் என் சந்தேகம் வேறு. நீங்கள் மாற்றியது பாட்டிலைத்தான், மருந்தை அல்ல. மூன்றும் டையமைடு குடும்பம். செயல்படும் விதத்தை வைத்து உலகெங்கும் பூச்சிக்கொல்லிகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் எண் 28. புழுவின் தசைக்குள் கால்சியத்தை அடைத்து வைத்திருக்கும் ஒரே கதவைத்தான் மூன்றும் திறந்துவிடுகின்றன. கால்சியம் கொட்டித் தசை இறுகிப்போனால் புழு தின்பதை நிறுத்திவிடும். அந்தக் கதவின் அமைப்பு லேசாக மாறிப் பிறந்த புழுவோ தப்பித்துக்கொள்ளும். ஒன்றுக்குத் தப்பியது பெரும்பாலும் மற்ற இரண்டுக்கும் தப்பும்.

உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தக்காளியில் வெள்ளை ஈ என்று வந்தவரிடம், "இமிடாகுளோபிரிட் போதும், இனி தயாமெதாக்ஸாம் அடியுங்கள்" என்று எழுதிக் கொடுத்தவன் நான். இரண்டுக்கும் ஒரே குழு எண், 4ஏ. பத்து நாள் கழித்து ஒரு பிளாஸ்டிக் பையில் இலைகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் அவிழ்த்துவிட்டார். அறை முழுக்க ஈ. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து, குழு எண்ணைப் பக்கத்தில் குறிக்காமல் எந்த மருந்தின் பெயரையும் நான் எழுதிக் கொடுப்பதில்லை.

சரி, உங்கள் வயலில் புழுவுக்கு உண்மையிலேயே மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதா, தெளிப்பில் கோளாறா? வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். லேபிளில் சொன்ன அளவில் மருந்தைக் கலக்கி, கையுறை போட்டுக்கொண்டு சில இலைகளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். வேறு சில இலைகளை வெறும் தண்ணீரில் நனையுங்கள். காற்றுப்புகும் இரண்டு டப்பாக்களில் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து சின்னப் புழுக்களை விடுங்கள். மூன்றாம் நாள் பாருங்கள். மருந்து இலையைப் புழு அரித்துத் தின்றிருந்தால் எதிர்ப்பு வந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம் (மருந்து போலியாக இருந்தாலும் இதேதான் நடக்கும் என்பதால் நம்பகமான வேறொரு பாட்டிலிலும் பார்த்துவிடுங்கள்). டப்பாவில் செத்து, வயலில் மட்டும் சாகவில்லை என்றால் குற்றம் தெளிப்பானில். கோஸ் இலை மெழுகு பூசியது, தண்ணீர் உருண்டு ஓடிவிடும். புழுவோ இலையின் அடியில் இருக்கிறது. ஒட்டும் திரவம் சேர்த்தீர்களா, அடிப்பக்கம் நனைந்ததா? தண்ணீர் டப்பாவிலும் புழு செத்துக் கிடந்தால் சோதனையே செல்லாது, மறுபடி செய்யுங்கள்.

எதிர்ப்புதான் என்றால் 28-ஐ இந்தப் பயிரிலும் அடுத்த பயிரிலும் தொடாதீர்கள். அப்புறம், சுழற்சி என்றால் தெளிப்புக்குத் தெளிப்பு மாற்றுவது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி மாற்றினால் ஒரே தலைமுறைப் புழு இரண்டு மருந்தையும் சந்தித்துவிடும். இரண்டுக்கும் தப்பும் வகை தேறி வருவதற்கு நாமே வழி செய்ததாகிவிடும். வெப்பமான பருவத்தில் இந்தப் பூச்சி முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக மாற இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே பயிர்க்காலத்தை அந்தக் கணக்கில் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒரு துண்டில் ஒரு குழு, அடுத்ததில் வேறு. உங்களுக்கு நான் சொல்வது: இளம் பயிரில் பி.டி. பாக்டீரியா மருந்து (11), அதைச் சின்னப் புழுவாக இருக்கும்போதே, சாயங்காலமாக அடியுங்கள். அடுத்து ஸ்பினோசாட் (5). தேவைப்பட்டால் மட்டும் இன்டாக்ஸாகார்ப் (22). இவற்றில் உங்கள் பகுதியில் கோஸுக்கு அனுமதி உள்ளதையே எடுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் பேசிவிடுங்கள், அந்துக்கு வரப்பு தெரியாது.

பி.டி.யையும் ஓயாமல் அடிக்கக் கூடாது. 1953-லேயே ஜாவாவில் டி.டி.டி. (DDT) பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்புக் காட்டிய பூச்சி இது. ஹவாய் வயல்களில் பி.டி.க்கும் எதிர்ப்பு வந்ததை 1990-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: அளவை இரட்டிப்பாக்கி அடித்தால் ஒரேயடியாக ஒழிந்துவிடாதா?

பதில்: ஒழியாது. அதற்கும் தப்புகிறவைதான் மிச்சமிருக்கும், அவைதான் தமக்குள் கூடி முட்டையிடும். புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவிகளும் கூடவே சாகும். விளைச்சலில் நச்சு எச்சம் வேறு.

கேள்வி: எதிர்ப்பு வந்த மருந்து மறுபடி வேலை செய்யுமா?

பதில்: சில நேரம் செய்யும். அந்த மருந்து இல்லாத காலத்தில், எதிர்ப்புள்ள பூச்சிகள் பலவும் மற்றவற்றைவிடக் குறைவாகவே பெருகும். வெளியிலிருந்து சாதாரண அந்துகளும் வந்து கலக்கும். அதனால் எதிர்ப்பு தணியும். ஆனால் அந்த மரபணு முழுக்கப் போய்விடாது. பழைய மருந்துதான் வேலை செய்கிறதே என்று வரிசையாக அடித்தால், முதல் தடவையைவிட வேகமாக எதிர்ப்பு திரும்பும். பழைய மருந்தை மறுபடி எடுப்பதற்கு முன் அந்த டப்பா சோதனையைச் செய்துவிடுங்கள்.