லேப் அக்கா பதில்கள்

கேள்வி: கர்ப்பம் பார்க்கும் கார்டை அமெரிக்க அரசாங்கம் கண்டுபிடித்ததாமே? நாம் ஒவ்வொரு கார்டு வாங்கும்போதும் அவர்களுக்குக் காசு போகுமா என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் கேட்கிறான். (வாசகி, பூம்பாறை)

பாதி சரி. கர்ப்பம் தரித்தால் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சிறுநீரில் இறங்கும். எல்.எச். என்று இன்னொன்று உண்டு, அச்சு அசல் அதன் தங்கை மாதிரி. பழைய சோதனைகளுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜூடித் வைடுகைடிஸ், க்ளென் ப்ரான்ஸ்டைன் முதலானோர், எச்.சி.ஜி.யை மட்டும் பிடிக்கும் வழியை 1972-இல் வெளியிட்டார்கள். சில புற்றுநோய்க் கட்டிகளும் அதைச் சுரக்கும். அவர்கள் தேடிப்போனது அந்தக் கட்டிகளைத்தான். காப்புரிமை வாங்கலாமா என்று கேட்டதற்கு, வரிப்பணத்தில் செய்த வேலை, கூடாது என்றார்களாம் அங்கிருந்த வக்கீல்கள். அதனால் அந்த முறைக்குச் சல்லிக்காசு போகவில்லை. சொட்டு விட்டதும் கோடு காட்டும் கார்டோ, கம்பெனிகள் செய்தது. அது 1980களின் கடைசியில் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கார்டு ஏது? ஹார்லிக்ஸ் பாட்டிலில் காலைச் சிறுநீர் வரும். கண்ணாடித் துண்டில் மருந்தோடு கலந்து ஆட்டிக்கொண்டே இருப்போம். மணல்மணலாகத் திரிந்தால் கர்ப்பம் இல்லை, பால் போலவே நின்றால் உண்டு. புதிதில் ஒருமுறை தலைகீழாகச் சொல்லி, பெரியவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பூம்பாறைக் குளிரில் கார்டு சில்லிட்டுக் கிடந்தால் கோடு மங்கலாக வரும். பிரிக்காமல் கொஞ்ச நேரம் இடுப்பில் செருகி வைத்துவிட்டு, அப்புறம் சொட்டு விடுங்கள். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட வேண்டும். மறுநாள் குப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு "அக்கா, கோடு வந்துருச்சு" என்று ஓடி வராதீர்கள்.

கேள்வி: மண்ணைச் சுத்தம் செய்ய நாசா ஏதோ இரும்பு எண்ணெய் கண்டுபிடித்திருக்கிறதாமே. நம் ஊர்ப் பாதரச மண்ணில் அதை ஊற்றினால் என்ன? (வாசகர், கொடைக்கானல்)

வேலைக்காகாது. ராக்கெட் பாகங்களைக் கழுவிய டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான், கேப் கனாவெரல் 34-ஆம் ஏவுதளத்தில் நிலத்துக்குள் இறங்கிவிட்டது. அதற்காகச் செய்ததுதான் இது. தாவர எண்ணெய்க்குள் தண்ணீர், தண்ணீருக்குள் நுண்ணிய இரும்புத்தூள். எண்ணெய் கரைப்பானை உள்ளே இழுக்கும், இரும்பு அதன் குளோரினைக் கழற்றிவிடும். விஷம் உடைந்துபோகும். இதற்குக் காப்புரிமை வாங்கிக் கம்பெனிகளுக்கு உரிமமும் கொடுத்தார்கள். அதுவும் வரிப்பணம்தான்! எனக்கு 1972 வக்கீல்களைத்தான் பிடித்திருக்கிறது.

பாதரசம் அப்படி இல்லை, தனிமம். உடைக்க என்ன இருக்கிறது? அள்ளித்தான் எடுக்க வேண்டும். 2001-இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் தெர்மாமீட்டர் கண்ணாடிக் கழிவு அகப்பட்டதும், நம் ஊரில் பாதரசத் தெர்மாமீட்டர் செய்த இந்துஸ்தான் லீவர் தொழிற்சாலை மூடியது நினைவிருக்கும். அங்கே பாதரசம் கலந்த மண்ணைக் கழுவி, மிச்சத்தைச் சூடாக்கி, ஆவியைக் குளிர்வித்துப் பிடிப்பதுதான் திட்டம். கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை மீதி இருக்கலாம் என்பது அனுமதித்த அளவு. அது போதாது என்று சண்டை போட்டவர்கள் பக்கம்தான் நான். பாம்பார் சோலைக் காடு தொழிற்சாலையை ஒட்டியே இருக்கிறதே.

சின்ன வயதில் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடியவள்தான் நானும். உங்கள் வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் விளக்குமாற்றை எடுக்காதீர்கள், உருண்டைகள் சிதறிவிடும். ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, மூடி போட்ட பாட்டிலில் போடுங்கள்.