கேள்வி – பதில்: துருசில் யார் கை?

கேள்வி: அகிம்சை வெள்ளைக்காரனிடம் பலித்திருக்கலாம்; ஈவிரக்கமற்ற சர்வாதிகாரியின் முன்னால் பட்டினி கிடந்தால் அவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான் என்கிறான் என் மகன். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பதில்: அவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான், அதில் தங்கள் மகனோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் இவ்வழியை ஆராய்ந்தவர்கள் கொடுங்கோலனின் மனம் இளகும் என்பதை நம்பிக் கணக்குப் போடவில்லை. கொடுங்கோலனைத் தாக்க வேண்டியதில்லை, தாங்குவதை நிறுத்தினாலே விழுந்துவிடுவான் என்று 16 ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரரான லா போயெசி எழுதினார். கோப்பு நகர்த்தும் எழுதுவினைஞரும், வரி கட்டும் வியாபாரியும், சுடு என்றதும் சுடும் சிப்பாயும் கீழ்ப்படிவதுதான் ஆட்சியாளனின் பலம் என்று அதை விரித்துரைத்த அமெரிக்க அறிஞர் ஜீன் ஷார்ப், 1973 இல் வெளியிட்ட நூலில் 198 போராட்ட முறைகளை வரிசைப்படுத்தினார். உண்ணாவிரதம் அவற்றுள் ஒன்று, அவ்வளவுதான்.

2000 ஆம் ஆண்டு சேர்பியாவில் தேர்தல் தோல்வியை ஏற்க ஜனாதிபதி மிலோசெவிச் மறுத்தபோது, மின்நிலையங்களுக்கு நிலக்கரி அனுப்பிவந்த கொலுபாராச் சுரங்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். அவர்களை அடக்கப் பொலிஸ் வந்தது. அயலூர் மக்கள் திரண்டு வந்து தடையைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, பொலிஸார் சுடாமல் விலகி நின்றார்கள். ஒக்டோபர் 5 ஆம் திகதி பெல்கிரேட் நகரம் மக்களால் நிரம்பியது. மறுநாள் மிலோசெவிச் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவருடைய மனச்சாட்சி விழித்ததாக எவரும் சொன்னதில்லை.

இனி நம் கதை. 1961 பெப்ரவரி 20 ஆம் திகதி தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் தலைமையில், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தை எதிர்த்து யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் வவுனியாவுக்கும் மன்னாருக்கும் பரவி, அரச அலுவல்களை வாரக்கணக்கில் முடக்கியது. ஏப்ரல் 14 இல் அக்கட்சி தனித் தபால் சேவை தொடங்கித் தன் முத்திரைகளை விற்றது. சில நாள்களுக்குள் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்தன. அது தேர்தலில் வென்ற அரசு, சர்வாதிகாரமன்று. ஆயினும் போராட்டம் நசுங்கியது. கட்டுப்பாடு குறைந்ததாலன்று, அந்த அரசை நிலைநிறுத்திய வாக்கும் சிப்பாயும் நம்மிடம் இல்லாததால்தான் என்பது என் எண்ணம். குளத்து நீரை மறிக்க விரும்புபவன் அதைத் திறந்து மூடும் மதகாகிய துருசில் கை வைக்க வேண்டும்; கடைவாய்க்காலில் நின்று மறித்தால் காய்வது நம் வயல்தான். 2022 இல் தெற்கு மக்களே எழுந்தபோது ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார் என்பதையும் தங்கள் மகனுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தறப்பாள் கொட்டிலில் இருந்த எங்கள் தாய்மார் கடைவாய்க்காலைத்தான் மறித்தார்களா?
– வாசகி, பரந்தன்

பதில்: சகோதரியின் கேள்வி சுடுகிறது. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் அவர்கள் அமர்ந்ததும் ஒரு பெப்ரவரி 20 தான், 2017 இல். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் கேப்பாப்புலவில் பிலவுக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாம் வாசலிலேயே சமைத்து, பிள்ளைகளை அங்கேயே உறங்கவைத்து, ஒரு மாதத்தில் தங்கள் காணிகளை மீட்டார்கள். காணியைத் திருப்பித் தரலாம். பிள்ளையைத் தர அரசிடம் பதிலே இல்லை. ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சி காணாமல் ஆக்கிய பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரலில் தாய்மார் சிலர் தலைநகரின் மாயோ சதுக்கத்தில் கூடியபோது, கூட்டமாக நிற்கக் கூடாதென்று பொலிஸ் விரட்டியதால் இருவர் இருவராகச் சுற்றி நடக்கத் தொடங்கி, அந்த ஆட்சி போன பின்னரும் வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள். அவ்வாட்சி 1983 இல் முடிந்ததற்குப் போக்லாந்துப் போர்த் தோல்வி பெருங்காரணம். தாய்மார் தனித்து வீழ்த்தினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் தாய்மார் கையிலும் ஒரு துருசு உண்டு. அவர்களுட் பலர் மரணச் சான்றிதழையும் இழப்பீட்டையும் ஏற்க மறுத்திருக்கிறார்கள். கோப்பை மூடிவிட விரும்பும் அரசுக்கு அவர்களுடைய கையெழுத்து வேண்டும். அதை அவர்கள் இன்னும் போடவில்லை.