இடம் கிடைத்த பிறகும் துணை வேண்டும்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். தேர்ச்சி பெற்று, கல்லூரியில் இடமும் கிடைத்த மாணவர்களில் சிலர் சேராமலே நின்றுவிடுகிறார்கள். எங்கள் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளை இவர்களுக்குத் துணையாக அமர்த்த நினைக்கிறேன். ஆனால், சீனியர் என்றாலே பெற்றோர் அஞ்சுகிறார்கள். எப்படிச் செய்வது?
– ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தயங்காமல் செய்யுங்கள். மே மாதம் தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து முதலாண்டு வகுப்பு தொடங்கும் வரை, பிள்ளைகள் பள்ளியின் பொறுப்பிலும் இல்லை, கல்லூரியின் பொறுப்பிலும் இல்லை. பலருடைய படிப்பு அந்தச் சில வாரங்களில்தான் நின்றுபோகிறது. இதை அமெரிக்காவில் ஆராய்ந்த பெஞ்சமின் காசில்மன், லிண்ட்சே பேஜ் ஆகியோர், கல்லூரிக்குப் போவதென்று முடிவு செய்த மாணவர்களிலேயே நூற்றுக்கு 10 முதல் 20 பேர் வரை கோடை விடுமுறைக்குள் விலகிவிடுவதாகக் கணித்தார்கள். கல்லூரி மாணவர்களையே அவர்களுக்குத் துணையாக அமர்த்தும் முறையையும் சோதித்துப் பார்த்தார்கள்.

நம் ஊரில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் மிகச் சிறியவை. அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு இணையவழியில் விண்ணப்பித்த மாணவிக்குக் கலந்தாய்வு நாள் குறுஞ்செய்தியாக வருகிறது; விண்ணப்பத்தில் கொடுத்திருப்பதோ வெளியூரில் வேலை செய்யும் அப்பாவின் எண். அவர் பார்த்துச் சொல்வதற்குள் நாள் கடந்துவிடுகிறது. ஆதாரில் இருக்கும் பெயரும் மதிப்பெண் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஓர் இனிஷியலில் வேறுபடுகின்றன. வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படாததால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலோ 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலோ மாதம் 1,000 ரூபாய் வந்து சேராமல் நிற்கிறது. பல வீடுகளில் அந்தப் பணம்தான் பேருந்துச் செலவு. நல விடுதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது தெரியாமல், தினமும் போய்வர முடியாதென்று படிப்பையே விட்டவர்களும் உண்டு.

இவற்றின் விதிமுறைகள் உங்களுக்குத் தெரியும். ஆனால் போன ஆண்டு அதே வரிசையில் நின்ற பெண்ணுக்குத்தான் எந்தச் சான்றுக்கு எத்தனை ஜெராக்ஸ் வேண்டும், எந்த அறையில் முதலில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். அதைவிட முக்கியமாக, “இங்கிலீஷில் நடத்தினால் எனக்குப் புரியுமா அக்கா?”, “நல்ல சுடிதார் இரண்டுதான் இருக்கிறது, போதுமா?” என்று ஆசிரியையிடம் கேட்கக் கூசுவதை அவளிடம் கேட்பார்கள்.

முதல் மதிப்பெண் எடுத்தவரைத் தேடாதீர்கள். முதல் செமஸ்டரில் அரியர் வைத்து, பிறகு அதை எழுதித் தேறியவர் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவர் என்பது என் கருத்து. ஒருவரிடம் நான்கைந்து பேருக்கு மேல் ஒப்படைக்க வேண்டாம். கலந்தாய்வுக்கு முன்பே சான்றிதழ்களைச் சரிபார்ப்பது, அன்று உடன் செல்வது, முதல் வாரம் வகுப்பறையையும் நூலகத்தையும் காட்டுவது, முதல் இன்டர்னல் தேர்வு முடியும்வரை வாரம் ஒருமுறை பேசுவது என்று வேலையை எழுதியே கொடுத்துவிடுங்கள். சேர்ந்த முதல் மாதத்தில் நின்றுவிடுபவர்களும் இருப்பதால், சேர்க்கையோடு துணை முடிந்துவிடக் கூடாது. எந்தப் படிப்பை எடுப்பது என்பதில் அவர்கள் தலையிட வேண்டாம். பணத்தையும் அசல் சான்றிதழ்களையும் கையில் வாங்கவே கூடாது. மாணவர்களைக் கொண்டே சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் தனியார் கல்லூரிகளும் இருப்பதால், இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்தும் ராகிங் முழுதாக நீங்கவில்லை. ஆகவே மாணவிகளுக்கு மாணவிகளையே அமர்த்துங்கள். முதல் சந்திப்பு பள்ளியில், பெற்றோரும் நீங்களும் இருக்கும்போது நடக்கட்டும். அதற்குச் சீனியர் பெண்ணின் தாயையும் அழையுங்கள், அவர் சொல்லும் இரண்டு வார்த்தை நம்முடைய விளக்கங்களைவிட எடுபடும். வாட்ஸ்அப் குழுவில் நீங்களும் கட்டாயம் இருங்கள்.

துணையாக வரும் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களுடைய பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, செல்போன் ரீசார்ஜ் ஆகிய செலவுகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முன்னாள் மாணவர்களிடமும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பேசி வையுங்கள்.