‘வழக்கம்போல்’ என்று எழுதினீர்களே!

கேள்வி: எனக்கு 59 வயது. சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். பத்து நாள் தனியாகக் காரில் கிளம்ப ஆசை. கீழக்குயில்குடி, நரசிங்கம், மாங்குளம், சித்தன்னவாசல், திருமயம், கடைசியில் மேகமலையில் இரண்டு ராத்திரி டென்ட். படுக்கையில் இருக்கும் 84 வயது அம்மாவை வழக்கம்போல் மனைவி பார்த்துக்கொள்வாள். ஆனால் விஷயத்தைச் சொன்னதிலிருந்து அவள் முகம் கொடுத்தே பேசுவதில்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- திருநகர் வாசகர்

பதில்: சம்மதிக்க வைக்க நான் வழி சொல்லப் போவதில்லை. மலை, குகை, கோட்டை என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் நடப்பதற்கு மட்டும் ‘வழக்கம்போல்’ என்று ஒரே வார்த்தை.

என் மாமியாரை நாலு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புண் வந்துவிடும். கஞ்சியை வடிகட்டி ஸ்பூனில் கொடுத்தால் அரை டம்ளர் இறங்க முக்கால் மணி நேரம். டயப்பரை மாற்றிக் கை கழுவிவிட்டு நிமிர்ந்தால் அடுத்த மாத்திரைக்கு நேரமாகியிருக்கும். அங்கே படுத்திருப்பவர் உங்களைப் பெற்றவர் ஐயா. இதுவரை ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டீர்கள். இப்போது என்ன சொல்வீர்கள்?

நரசிங்கம் போகிறேன் என்கிறீர்கள். யானைமலை அடிவாரத்துக் குடைவரையில் ஒரு கல்வெட்டு உண்டு. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் உத்தரமந்திரி, அதாவது முதன்மை அமைச்சர், மாறன் காரி கி.பி. 770-ல் குடைவித்த கோயில் அது. முழுதாக முடியும் முன்பே அவர் இறந்துபோனார். தம்பி மாறன் எயினன்தான் முகமண்டபம் எடுத்துக் காரியத்தை முடித்தார். தம்பி பெயரும் கல்லில் இருக்கிறது. மகன் செய்ய வேண்டியதை இத்தனை வருஷமாகச் செய்கிறவரின் பெயரை உங்கள் கடிதத்தில் தேடினேன், காணோம்.

முதல் பத்து நாள் உங்கள் மனைவிக்கு. பிறந்த வீடோ, கோயிலோ, அவர் சொல்கிற இடத்துக்கு டிரைவர் போட்டு அந்தக் காரை அனுப்புங்கள். குளிப்பாட்ட, துணி மாற்ற சம்பளத்துக்கு ஒரு அம்மாவை வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. சாப்பாடு, மருந்து, ராத்திரி முழிப்பு எல்லாம் நீங்கள். நடுவில் போன் போட்டு ‘அந்த டப்பா எங்கே’ என்று அவரைக் கேட்கக் கூடாது.

அப்புறம் தாராளமாகப் போய் வாருங்கள். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். கோடையில் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிக் கருகியவர்களை மதுரைக்காரர் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

பதினோராம் நாள் எனக்கு எழுதுங்கள். அம்மாவுக்கு எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.