மாகாளிக்கிழங்கு: கேட்டவையும் பதில்களும்

கே: ஊறுகாய்க்கு மாகாளிக்கிழங்கு ஒரு கிலோ வாங்கி நறுக்கினேன். நறுக்க நறுக்கவே கறுத்துவிட்டது. ஏன்?

ப: காற்றுப் பட்டதால். கிழங்கை இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு மண் போகத் தேய்த்து, தோலைச் சீவுங்கள். நீளவாக்கில் பிளந்தால் நடுவில் குச்சி போல ஒரு நரம்பு தெரியும். கத்தி முனையை அதன் அடியில் கொடுத்து நெம்பினால் நீளமாகக் கழன்று வரும். அதை விட்டால் ஊறுகாயில் பல்லில் நார்தான் சிக்கும். சதையைத் துண்டாக்கியதும் அப்போதைக்கப்போது உப்பு மோரில் தள்ளிவிடுங்கள். தட்டில் குவித்து வைக்கக்கூடாது. கறுத்தது கெட்டதில்லை, நிறம்தான் போச்சு.

கே: ஊறுகாய்க்கு அளவு?

ப: நரம்பு நீக்கிய துண்டு முக்கால் கிலோவுக்குக் கடைந்த புளித்த தயிர் முக்கால் லிட்டர், உப்பு 150 கிராம், மிளகாய் வற்றல் 60 கிராம், கடுகு 40 கிராம், மஞ்சள்தூள் இரண்டு டீஸ்பூன். வற்றலையும் கடுகையும் வெயிலில் காயவைத்து, வறுக்காமல் பொடியுங்கள். எண்ணெய் வேண்டாம். பத்து நாள் ஊறட்டும்.

கே: மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டதே?

ப: தயிரில் தண்ணீர் சேர்ந்திருக்கும், இல்லை ஈரக் கரண்டி. மோருக்கு மேலே துண்டு தலைநீட்டினாலும் அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். தினம் ஒருமுறை காய்ந்த மரக்கரண்டியால் கிளறி அமுக்க வேண்டும். பூத்ததை வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

கே: மூட்டைப்பூச்சி வாடை போக வழி?

ப: இல்லை. அந்த வாடைக்காகத்தான் மற்றவர்கள் வாங்குகிறார்கள்!

கே: நன்னாரி என்று இதைத் தருகிறார்களே?

ப: இரண்டிலும் மணம் தருவது ஒரே பொருள், வெனிலா மணத்தைத் தரும் வெனிலினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் நன்னாரி வேர் கம்பி போல மெலிந்து, மரக்கட்டை போலக் கெட்டியாக இருக்கும். மாகாளி விரல் பருமனில் சதைப்பற்றோடு இருக்கும். சர்பத்துக்கு மாறினால் பெரிய நஷ்டமில்லை. சித்த வைத்தியர் நன்னாரி என்று எழுதியிருந்தால் நன்னாரியேதான் வேண்டும்.

கே: அம்மாவுக்குப் பசியில்லை, பிரஷர் உண்டு. தரலாமா?

ப: பசிக்கு நாட்டு வைத்தியத்தில் தருவதுதான். ஆனால் ஊறுகாயாக வேண்டாம், உப்பு மேலே பார்த்த அளவு. வேறு வகையில் தருவதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கே: வீட்டில் வளர்க்கலாமா?

ப: பாறை இடுக்கில் படரும் புதர்க்கொடி இது, சின்னத் தொட்டியில் கிழங்கு பெருக்காது. குஞ்சம் வைத்த விதை பழசானால் முளைக்காது, பறித்ததும் விதையுங்கள். காட்டில் வேரோடு தோண்டித் தோண்டியே அருகிவிட்டது. உங்கள் கொடியில் பக்கக் கிழங்கை மட்டும் வெட்டிக்கொண்டு, நடுவிலுள்ள அடிக்கட்டையை மண்ணால் மூடிவிடுங்கள்.