ஆன்லைன் கடை போடும் முன் ஒரு ஜமக்காளத்தைப் பார்சல் கட்டிப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. நாங்கள் பவானியில் இருக்கிறோம். மாமனார் காலத்திலிருந்து வீட்டில் ஜமக்காளத் தறி ஓடுகிறது. இதுவரை கடைகளுக்குத்தான் சரக்கு போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றரை வருடமாக நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் வைத்து நேரடியாகவும் விற்கிறேன். மாதம் 15, 20 உருப்படி போகிறது. பெங்களூரிலிருந்தும் கேட்கிறார்கள். சொந்தமாக ஆன்லைன் கடை போட ஈரோட்டில் ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். அவ்வளவு செலவு வேண்டுமா? எந்தத் தளத்தில் போடுவது? ஜிஎஸ்டி கட்டாயமா?
ஒரு வாசகி, பவானி

பதில்: வணக்கமுங்க அம்மிணி. அந்த 60,000 ரூபாயை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். மாதம் 20 ஜமக்காளம் வாட்ஸ்அப்பிலேயே விற்கிறது என்றால் உங்கள் சரக்குக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கடை போடுகிற பலருக்கு அதுவே தெரியாது. நீங்கள் அடுத்து தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு ஜமக்காளம் வாங்குபவர் வீட்டு வாசலில் போய் இறங்குவதற்குள் உங்களுக்கு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்பது. அந்தக் கணக்கு கையில் இருந்தால் தளத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு மாலை வேலை.

ஆகவே இன்றைக்கே ஒரு ஜமக்காளத்தை எடுத்து மடித்துப் பார்சலாகக் கட்டுங்கள். தராசில் வையுங்கள். அப்புறம் டேப் வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பெரும்பாலான கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அந்த மூன்று அளவையும் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள். வருவது வால்யூமெட்ரிக் எடை. அதுவும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் பார்சல் தராசில் 2.3 கிலோ, அளவு 40, 30, 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 18,000, வகுத்தால் 3.6 கிலோ. அரைக் கிலோ கணக்கில் மேலே ஏற்றி 4 கிலோவுக்குப் பணம் வாங்குவார்கள். அதே ஜமக்காளத்தை இறுக்கி மடித்து, ஒரு ராத்திரி மேலே பாரம் வைத்து, சணல் கயிற்றால் இழுத்துக் கட்டி உயரத்தை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 2.4 கிலோதான் வரும். 2.5 கிலோவுக்குக் கட்டினால் போதும். ஒவ்வொரு பார்சலிலும் ஒன்றரைக் கிலோவின் கட்டணம் மிச்சம். உங்கள் லாபத்தில் பெரும்பகுதி இந்தக் கயிற்றை இறுக்கிக் கட்டுவதில்தான் இருக்கிறது.

அட்டைப்பெட்டி வேண்டாம். உள்ளே பாலித்தீன் கவர், வெளியே தைத்த சாக்கு. பார்சல் ஆபீஸ் சரக்கு காலங்காலமாக அப்படித்தான் போகிறது, ஜமக்காளத்துக்கும் அது போதும். பாலித்தீனை மட்டும் எந்த மாதமும் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முனை நனைந்தால் சாயம் பரவி உருப்படியே வீணாகிவிடும்.

இப்போது விலை போடுங்கள். நூல், சாயம், தறியில் உட்காருபவர்களின் கூலி, சாக்கும் கயிறும், கூரியர், பேமென்ட் கேட்வே (வாங்குபவர் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கி உங்கள் பேங்கில் சேர்க்கும் சேவை). வீட்டு ஆள்தானே நெய்கிறார் என்று கூலியை விட்டுவிடாதீர்கள். வெளியாள் நெய்தால் என்ன கொடுப்பீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். பேமென்ட் கேட்வே பொதுவாக 2 சதவீதம் கழிவு பிடிக்கும், அந்தக் கழிவின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1,500 ரூபாய் ஆர்டரில் 30 ரூபாயும் அதன்மேல் 5 ரூபாய் 40 காசும் போகும். கூரியர் கட்டணத்தைத் தமிழ்நாட்டுக்கு ஒன்று, பக்கத்து மாநிலங்களுக்கு ஒன்று, வடக்கே ஒன்று என்று மூன்றாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இந்தியா முழுக்க ஒரே கட்டணம் என்று கடை திறந்தார். முதல் மாதமே அசாமுக்கு இரண்டு பெரிய விரிப்பு போனது, அந்த மாத லாபம் அதிலேயே கரைந்தது.

சரி, தளத்துக்கு வருவோம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மாத வாடகைத் தளம். ஷாப்பிஃபை, ஜோஹோ காமர்ஸ் போன்றவை இந்த வகை. சர்வர், பாதுகாப்பு, பேக்கப் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்னொன்று, வேர்ட்பிரஸ் என்கிற வலைத்தள மென்பொருள்மேல் ஓடும் ஊகாமர்ஸ். மென்பொருளுக்குக் காசில்லை. ஆனால் ஹோஸ்டிங், அதாவது இணையத்தில் கடை இருக்கும் இடம், நீங்கள் வாங்க வேண்டும், அப்டேட் நீங்கள் பார்க்க வேண்டும், ஏதாவது உடைந்தால் ஆள் தேட வேண்டும். தறிச்சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து பிளக்இன் என்கிற துணை மென்பொருள்களின் சண்டையைத் தீர்க்க உங்களுக்கு நேரம் இருக்காது. மாதம் 15, 20 உருப்படியோடு தொடங்குகிற உங்களுக்கு வாடகைத் தளம்தான் என் யோசனை. வருடச் சந்தாவில் தள்ளுபடி காட்டுவார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள், பிடித்தால் வருடத்துக்கு மாறலாம்.

சேரும் முன் மூன்று விஷயம் பாருங்கள். எடைக்கும் ஊருக்கும் தகுந்தபடி கூரியர் கட்டணம் வைக்க முடிகிறதா? கேட்வே கழிவு போகத் தளமும் ஒவ்வொரு ஆர்டரிலும் தனியாக ஒரு சதவீதம் பிடிக்கிறதா? ஷாப்பிஃபையில் அப்படி ஒரு பிடித்தம் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். மூன்றாவது, வாடிக்கையாளர் பட்டியலையும் ஆர்டர்களையும் எக்செல்லில் இறக்கிக்கொள்ள முடிகிறதா? நாளைக்கு வேறு தளத்துக்குப் போனால் அந்தப் பட்டியல்தான் உங்கள் கடை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். டொமைன், அதாவது கடையின் இணைய முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் பதிவாக வேண்டும். கரூர்ப் பக்கம் ஒரு குடும்பம் நான்கு வருடம் திரைச்சீலை விற்று நல்ல பெயர் எடுத்தது. கடையைச் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில் வாங்கியிருந்தார். ஒரு சின்ன பில் தகராறு. ஒரே ராத்திரியில் கடையின் பெயரே அவர்கள் கையில் இல்லை. கடைசியில் அவர்களுக்கு நான்தான் வேறு பெயரில் முதலிலிருந்து போட்டுக் கொடுத்தேன். பழைய வாடிக்கையாளரில் பாதிப் பேர் திரும்பவில்லை.

ஜிஎஸ்டி. சரக்கு மட்டும் விற்பவர், தமிழ்நாட்டுக்குள் மட்டும், சொந்தத் தளத்தில் விற்றால் வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. கடைகளுக்குப் போடும் சரக்கும் இந்த 40 லட்சத்தில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு பார்சல் போனாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் விற்பனை. விற்பனை எவ்வளவாக இருந்தாலும் பதிவு வேண்டும் என்பதுதான் பொது விதி. கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் வரை இதில் விலக்கு உண்டு, அதற்கென்று பொருள் பட்டியலும் நிபந்தனையும் இருக்கின்றன. கைத்தறி என்ற ஒரு வார்த்தையை நம்பி இறங்காமல், உங்கள் சரக்கின் எச்எஸ்என் நம்பரை (ஜிஎஸ்டியில் சரக்கின் வகையைக் காட்டும் எண்) வைத்து ஆடிட்டரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் வெளி மாநிலத்துக்கு அனுப்ப முடியாது. அதையும் அவரிடம் பேசிவிடுங்கள். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற சந்தைகளில் 2023 அக்டோபர் 1 முதல் சிறு விற்பனையாளர்கள் பதிவில்லாமலும் விற்கலாம், அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்.

கேஷ் ஆன் டெலிவரி? முதல் ஆறு மாதம் வேண்டாம் என்பேன். வாங்க மறுத்தால் போன கூலி, திரும்பின கூலி இரண்டும் உங்கள் தலையில். உங்கள் வாட்ஸ்அப் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே ஜிபேயில் முன்பணம் போட்டுத்தானே வாங்குகிறார்கள்? அந்தப் பழக்கத்தைக் கெடுக்காதீர்கள். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டவும் வேண்டாம், பேங்க் கணக்கில் வரவு பார்த்தபின் கட்டுங்கள். பணம் வாங்குவதற்கு க்யூஆர் ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை (பின் நம்பர்) போடச் சொன்னால் அது மோசடி. வரும் பணத்துக்கு ரகசிய எண் தேவையே இல்லை.

கடையில் முழுப் பெயர், முகவரி, போன் நம்பர், திருப்பி எடுக்கும் விதி, பணம் திரும்பும் விதி எல்லாம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இவை இல்லாமல் பேமென்ட் கேட்வேயும் கிடைக்காது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. குறைதீர்க்கும் ஆளாக உங்கள் பெயரையே போடுங்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே அந்தப் பெயர் உரியது என்ற சட்டப் பாதுகாப்பு, இருக்கிறது. சில துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்கிற 1985ஆம் வருடக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்திலும் ஜமக்காளம் உண்டு. அப்படியும் விசைத்தறி விரிப்பு அதே பெயரில் விற்கிறது, படத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களிடம் இருப்பது அவர்களிடம் இல்லை, அதைக் காட்டுங்கள். அகலமான ஜமக்காளத்தை இருவர் அருகருகே உட்கார்ந்து நெய்வதை 20 விநாடி வீடியோ எடுங்கள். பாட்டு சேர்க்க வேண்டாம், தறிச்சத்தமே இருக்கட்டும். ஜமக்காளத்தைத் திண்ணையில் விரித்து, காலை பத்து மணிக்குள் நிழலில் படம் எடுங்கள். உச்சி வெயிலில் சிவப்பு வெளுத்துத் தெரியும். ஒரு படத்தில் டேப் பக்கத்தில் இருக்கட்டும். ஓரக்கரையும் முனையில் முடிந்த நூலும் கிட்டத்தில் தெரிய வேண்டும், பின்பக்கமும் ஒன்று. அளவை அடிக் கணக்கில் எழுதி, எத்தனை பேர் உட்காரலாம் என்றும் சொல்லுங்கள். நகரத்து ஃப்ளாட்காரருக்கு நாலுக்கு ஆறு என்றால் பிடிபடாது. முதல் தடவை தனியாக அலசச் சொல்வீர்களே, அதையும் அங்கேயே எழுதுங்கள்.

எல்லாம் தயாரானதும் ஊருக்குச் சொல்லும் முன், சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவரைக் கடையில் முழுப் பணம் கட்டி ஒரு ஜமக்காளம் வாங்கச் சொல்லுங்கள். ஆர்டர் எத்தனை மணிக்கு உங்கள் போனுக்கு வந்தது, பணம் எந்த நாளில் பேங்கில் ஏறியது, பார்சல் எந்தக் கோலத்தில் போய்ச் சேர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாக்கைப் பிரிக்கும்போது அவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அவரே அதைத் திருப்பி அனுப்பட்டும், பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ, திறப்பதற்கு முன் சரிசெய்ய வேண்டிய இடம் அது.