நாயின் அஸ்திப் பெட்டியில் படங்களை எப்படிப் பதிப்பது?

இறந்துபோன உங்கள் நாயின் அஸ்தியை வைக்க நீங்களே ஒரு மரப்பெட்டி செய்திருப்பதாகவும், அதை அவளுடைய படங்களால் அலங்கரிக்க வழி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு நாட்டு நாய் கருப்பிக்கு நானும் இப்படி ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முன்பக்கத்தில் வரும் பெரிய படத்தை மட்டும் தயவுசெய்து பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். துக்கம் புதிதாக இருக்கும்போது மனசு கடைசியாக எடுத்த படங்களைத்தான் தேடும். கருப்பிக்கு அவை முகவாய் நரைத்து, டிரிப்ஸ் ஏற்றிய காலில் பிளாஸ்திரியோடு படுத்திருக்கும் படங்கள். கொஞ்ச காலம் அதில் ஒன்றுதான் பெட்டியில் இருந்தது. அப்புறம் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வந்தது. இப்போது இருப்பது, என் செருப்பைக் கவ்விக்கொண்டு வாசற்படியில் நிற்கும் படம். உங்களுக்கும் ஒருநாள் படத்தை மாற்றத் தோன்றும். அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

செய்வது சுலபம். படத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. பெரிதாக, கண்ணாடி மாதிரி தெளிவான 2 மி.மீ. அக்ரிலிக் (பிளாஸ்டிக்) ஷீட் வெட்டி வாங்குங்கள். நான்கு மூலையிலும் துளை போட்டு, படத்தை அதன் அடியில் வைத்து, சின்னப் பித்தளை ஸ்க்ரூவால் பெட்டியில் பொருத்துங்கள். துளை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். ஸ்க்ரூவை ரொம்ப இறுக்கினால் அக்ரிலிக் விரிசல் விடும். மரத்திலிருந்து மெல்ல வெளியேறும் அமிலம் படத்தை மஞ்சளாக்கும் என்பதால், முதலில் மரத்துக்கு வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட்டுப் பிறகு படத்தை வையுங்கள்.

பக்கங்களிலும் மூடியிலும் சின்னப் படங்களை ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டுடியோ பிரிண்ட் வேண்டாம். அதன் பின்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் ஃபெவிகால் பிடிக்காது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் மை பெரும்பாலும் ஈரம் பட்டால் கலங்கிவிடும். ஜெராக்ஸ் கடையில் சாதாரணத் தாளில் எடுக்கும் கலர் லேசர் பிரிண்ட்தான் இதற்குச் சரி. வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருந்தால், அனுப்பியவரிடம் டாக்குமெண்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிரிண்டில் முகம் மங்கலாக விழும்.

மரத்தை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி துடைத்துவிட்டு, இரண்டு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து மெல்லிசாகத் தடவுங்கள். தாளை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவினால் காற்றுக்குமிழி வெளியேறிவிடும். காய்ந்த பிறகு மேலே தண்ணீரில் கரையும் வகை வார்னிஷ் இரண்டு கோட். எண்ணெய் வகை வார்னிஷ் நாளடைவில் மஞ்சளடிக்கும். தாளின் ஓரம் எங்கும் தூக்கிக்கொண்டு இருக்கக் கூடாது, ராமபாணப் பூச்சி அங்கேதான் அரிக்க ஆரம்பிக்கும்.

தாளே தெரியாமல் படம் மரத்தில் இறங்க வேண்டும் என்றால் இன்னொரு வழி உண்டு. இடவலம் மாற்றி எடுத்த லேசர் பிரிண்டை, அக்ரிலிக் ஜெல் மீடியம் (ஓவியர்கள் பயன்படுத்தும் பசை போன்ற கெட்டியான ஜெல்) தடவிய மரத்தில் குப்புற ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டு, ஈரத்துணியால் நனைத்து, விரல் நுனியால் தாளைத் தேய்த்து உரிக்க வேண்டும். தாள் நூல்நூலாகத் திரண்டு வர, அடியில் கண்ணும் காதும் மெல்லத் தெரியும். படத்துக்குள்ளே மர ரேகை ஓடும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. ஆனால் வெள்ளை நிறம் ஏறாது, அந்த இடத்தில் மரத்தின் நிறம்தான் தெரியும். அதனால் பைன், ரப்பர் மரம் போன்ற வெளிர் மரத்துக்குத்தான் ஒத்துவரும். கறுப்பு நாயென்றால் பிரிண்ட் எடுக்கும் முன்பே படத்தின் வெளிச்சத்தை நன்றாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் முகம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும்.

அலங்கரிக்கும் முன் பெட்டியின் கொள்ளளவையும் பார்த்துவிடுங்கள். உயிரோடு இருந்தபோது இருந்த எடையில் கிலோவுக்குச் சுமார் 36 மி.லி. சாம்பல் என்பது பொதுவான கணக்கு. 15 கிலோ நாய்க்கு 540 மி.லி. அளவுக் குவளையால் அரிசி போட்டு அளந்தால் தெரிந்துவிடும். சாம்பல் ஈரத்தை இழுக்கும், எனவே இறுக மூடும் ஜிப் கவரில் போட்டு, அதன் மேல் துணிப்பையில் கட்டி வையுங்கள். பெட்டியை வெயில் நேராகப் படாத அலமாரியில் வைத்தால் படம் சீக்கிரம் வெளிறாது.

அஸ்தியை வீட்டில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லலாம், எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ஒரு பிடியை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு மீதியை மண்ணில் சேர்த்துவிடுவது என்று பேசி முடித்தோம். அப்படிச் செய்வதானால் செடியின் வேரில் நேரடியாகக் கொட்ட வேண்டாம், சாம்பலின் காரமும் உப்பும் செடியைக் கருக்கும். நிறைய மண்ணும் மக்கிய எருவும் கலந்து, வேரிலிருந்து தள்ளிப் பரவலாகப் போடுங்கள்.